துண்டுக்குள் ஒன்பது வாஷிங் மெஷின்

1989ஆம் வருடம் ஜூலை 17, திங்கட்கிழமை, ஆடி முதல் தேதி. காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேற்கே மலை மேல் மேகம் இறங்கி நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் விழுந்த சாரல் தரையை எட்டுவதற்குள் காற்றிலேயே காய்ந்துகொண்டிருந்தது. என் மைத்துனன் செல்வத்தின் பாத்திரக் கடையில், அண்டா அடுக்குக்கும் குத்துவிளக்கு வரிசைக்கும் நடுவே, துண்டு அண்ணாச்சி ஒரு வாஷிங் மெஷின் கம்பெனி ரெப்பின் கையைத் தன் துண்டுக்குள் பிடித்துக்கொண்டு நின்றார். என் பணம் அந்தத் துண்டுக்குள் இருந்தது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஒரு புதுப் பொருள் விற்குமா விற்காதா என்று துண்டு அண்ணாச்சியைப் போலச் சொல்லக்கூடியவர் எங்கள் ஊர் ராஜபாளையத்தில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. மதுரையிலும் இல்லை என்று துணிந்து சொல்வேன். ஜப்பானில் விசாரித்துப் பார்க்க எனக்கு வசதிப்படவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது; வேறெங்கும் இல்லை. முப்பது வருடம் பஞ்சுத் தரகு பார்த்தவர். நான் கணக்கராக இருந்த மில்லுக்கும் வருவார். பஞ்சு வியாபாரத்தில் நாலு பேர் நடுவே வாய்விட்டு விலை பேசக்கூடாது. பக்கத்தில் நிற்கும் தரகன் காதில் விழுந்துவிடும். அதனால் கை மேல் துண்டைப் போட்டு, அதற்குள் எதிராளியின் விரலைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள். நாலு விரலைப் பிடித்தால் நாலு. முழுக்கையையும் பிடித்துவிட்டுப் பிறகு நாலு விரலைப் பிடித்தால் ஒன்பது. வெளியே பார்ப்பவனுக்கு இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்பதுதான் தெரியும்.

மில்காரர்கள் போனிலேயே பஞ்சு வாங்க ஆரம்பித்ததும் அண்ணாச்சிக்கு வேலை போயிற்று. விரல்கள் சும்மா இருக்கவில்லை. ஊருக்குள் புதிதாக வந்து இறங்கிக்கொண்டிருந்த டி.வி., டெக், மிக்ஸி பக்கம் திரும்பின.

பஜாரில் முதன்முதலாகக் கலர் டி.வி.யை ஒரு கடைக்காரர் கண்ணாடிக்குள் வைத்தபோது ஊரே கூடி நின்று படம் பார்த்தது. அண்ணாச்சி படத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கூட்டத்தின் காலைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, எத்தனை பெட்டி இறக்கலாம்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“ஒண்ணும் எறக்காதீரும். கடைக்கு வெளிய எம்புட்டுச் செருப்பு கெடக்குன்னு பாத்தீரா? அம்புட்டுப் பேரும் செருப்பக் கழத்திப் போட்டுட்டு நிக்கான். கும்புடுற சாமிய எவன்வே வெல கேப்பான்? என்னைக்கு ஒருத்தன் செருப்புக் காலோட உள்ள வந்து, ‘என்ன வெல’ன்னு கேக்கானோ, அன்னைக்கு எறக்கும்.”

கடைக்காரர் கேட்கவில்லை. ஆறு பெட்டி இறக்கி, ஒன்றரை வருடம் ஊருக்கு இலவசமாகப் படம் காட்டினார்.

மிக்ஸியைக் கடை வாசலில் வைத்து ஓட்டச் சொல்லிவிட்டு அண்ணாச்சி எதிர்ச் சாரிக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, “அமோகமா ஓடும்” என்றார். “எப்படி அண்ணாச்சி? இந்தச் சத்தத்தில் மனிதன் இருக்க முடியுமா?” என்றேன் நான். “அந்தச் சத்தத்துக்குத்தான் தம்பி காசே. அம்மியில அரைச்சா எதுத்த வீட்டுக்காரிக்குத் தெரியுமா? இது அரைச்சா தெருவுக்கே தெரியும்லா!”

வீடியோ டெக் வந்தபோது அதைத் தராசில் வைக்கச் சொன்னார். எட்டு கிலோ. விலை பதினெட்டாயிரம். வகுத்துச் சொல்லும் வேலை என்னுடையது. கிலோ இரண்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் என்றேன்.

“ஏலக்காயே இந்த வெல கெடையாதே! இத எவனும் வாங்க மாட்டான். ஆனா ஒரு ராத்திரிக்குக் குடுன்னு வாடகைக்குக் கேப்பான். நாலு டெக்க வாங்கி வாடகைக்கு விடுறவன் வீடு கட்டுவான்.”

அப்படியே நடந்தது. வாடகைக்கு விட்டவர் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு நானும் போயிருந்தேன். மூன்று மாடி.

யாரிடமும் இதற்காக ஒரு பைசா வாங்கியதில்லை. “தரகுதான் தம்பி காசுக்கு. தீர்ப்பு காசுக்கு இல்ல” என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் அருகிலேயே இருக்கும்போது எனக்கு ஆசை வந்ததில் தவறு சொல்ல முடியாது. தளவாய்புரத்தில் என் பங்கு நிலத்தை விற்ற பணம் எண்பத்தையாயிரம் ரூபாய் பாங்கில் இருந்தது. அது மாடியில் ஓர் அறை கட்டுவதற்கு என்று என் மனைவி நாலு வருடமாகச் சொல்லிவந்த பணம். அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரை அவள் முடிவு செய்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் செல்வம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, மதுரையிலிருந்து ஒரு ரெப் வாஷிங் மெஷின் ஏஜென்சிக்கு ஆள் தேடுவதாகவும், கடையில் இடம் தன்னுடையது, முதல் என்னுடையது, லாபம் பாதிப் பாதி என்றும் சொன்னான்.

“துணி தொவைக்கவா மிஷினு?” என்றாள் என் மனைவி. “அதுவும் ஆடி ஒண்ணாந் தேதியில பேச்சு முடிக்கணுமாக்கும்? எவனாச்சும் ஆடியில புது யாவாரம் தொடங்குவானா?”

“ஆடித் தள்ளுபடி உண்டாம், அக்கா” என்றான் செல்வம்.

“தொவைக்கிற மிஷினு விக்கப் போயி, காயப் போட மாடி இல்லாமப் போயிரப் போவுது. பாத்துக்கிடுங்க.”

நான் அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். மதுரைக்கு பஸ் ஏறிப்போய் அந்த மெஷினைப் பார்த்தார். எடையைக் கேட்டு வந்தார். நாற்பத்தேழு கிலோ, ஏஜென்சி விலை ஒன்பதாயிரத்து நானூறு. நான் வகுத்தேன். கிலோ இருநூறு ரூபாய், மீதி இல்லை.

“எடைக்கு வெல பரவால்ல” என்றார் அண்ணாச்சி. “ஆனா நம்ம ஊருல குழாயில தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கத்தான வருது? கெணறும் மோட்டாரும் உள்ள வீடாப் பாக்கணும்.” கண்ணை மூடிக்கொண்டு ராஜபாளையத்தின் தெருக்களை மனசுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினார். “மில் மொதலாளி வீடு ஒண்ணு. டாக்டரம்மா ரெண்டு. தென்காசி ரோட்டுல ரெண்டு மருமகளுக்கும் ஆகாம இருக்காகள்லா, அந்த வீடு மூணு. இவன் துணிய அவ தொவைக்க மாட்டா, அவன் துணிய இவ தொவைக்க மாட்டா. மிஷினு வாங்கித்தான் தீரணும். நாலாவது, அதுக்கு எதுத்த வீடு.”

“எதிர்வீட்டில் கிணறு இருக்கிறதா?”

“கெணறு இல்ல தம்பி, பொறாமை இருக்கு. அது போதும். நாலு போகும். அஞ்சாவது போகாது. ரெண்டு வருசம் போனா இதே மிஷினு பாதி வெலைக்கு வரும், ஊரே வாங்கும். அதுக்கு முன்ன வாங்குறவன் நாலே பேருதான். நாலு மட்டும் எடுங்க.”

நாலு மெஷின் என்றால் முப்பத்தாறு, முப்பத்தேழாயிரம். விற்றுப் பணம் வந்ததும் மாடி அறை. மனைவியிடம் சொல்லி, அவள் சம்மதித்ததாக நானே முடிவுசெய்துகொண்டேன்.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அண்ணாச்சி எங்களுக்காகப் பேரம் பேச வந்தார். ரெப்பின் பெயர் சேவியர். இருபத்தைந்து வயதிருக்கும். டை கட்டியிருந்தான். அண்ணாச்சி துண்டை விரித்துக் கையை நீட்டியதும் நான் வெட்கப்பட்டேன். மதுரை ஆபீஸ்காரப் பையன், என்ன நினைத்துக்கொள்வானோ! ஆனால் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயா, துண்டு போடுவீங்களா? எங்கப்பா கான்சாபுரத்துல ஆட்டுத் தரகு பாத்தவரு. சின்னப் புள்ளையில எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு!”

“ஏலே, அப்பம் நீ நம்ம ஆளுல்லா!” என்று அண்ணாச்சி அவன் கையை இழுத்துத் துண்டுக்குள் விட்டார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். துண்டு ஒரு தடவை அசைந்தது. சேவியர் யோசித்தான்; தலையை ஆட்டினான். துண்டு மறுபடி அசைந்தது. சேவியரின் கண்கள் விரிந்தன. “நெசமாவா ஐயா?” என்றான். “துண்டுக்குள்ள விளையாடுவாகளாலே?” என்றார் அண்ணாச்சி. பேரம் முடிந்தது.

“எவ்வளவுக்கு?” என்று நான் அவசரமாகக் கேட்டேன்.

“ஒம்பதாயிரம்” என்று சேவியர் சொன்னான். அண்ணாச்சி தலையசைத்தார். மெஷினுக்கு நானூறு ரூபாய் குறைத்துவிட்டார்! எத்தனை என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். துண்டுக்குள் பேசி முடித்ததை இரண்டாம் முறை வாய்விட்டுக் கேட்பது, தரகரின் விரலைச் சந்தேகப்படுவதற்குச் சமம். ஐயாயிரம் முன்பணம் கொடுத்தோம். மீதியைச் சரக்கு வந்ததும் கொடுப்பதாகப் பேச்சு. சேவியர் அண்ணாச்சியின் காலைத் தொட்டுவிட்டு ஓடினான். அவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அன்று இரவு பலமுறை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

சரக்கு ஆடிப்பூரத் திருவிழா சமயத்தில் வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் கூட்டம். லாரி தேரடிக்குள் வர முடியாமல் பஸ் ஸ்டாண்டு பக்கமே நின்றுவிட்டது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குள் நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தேர் பார்க்க வந்திருந்த என் மனைவியும் கடையில் இருந்தாள். நான் வாசலில் நின்று எண்ணினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது பெட்டி இறங்கியதும் எனக்கு மூச்சு வந்தது. செல்வத்திடம் எல்லாருக்கும் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னேன்.

ஐந்தாவது பெட்டி வந்தது.

“இது பக்கத்துக் கடைக்கா இருக்கும்” என்றார் அண்ணாச்சி. பக்கத்துக் கடை வளையல் கடை.

ஆறாவது வந்தது. அண்ணாச்சி வளையல் கடையைத் திரும்பிப் பார்த்தார். ஏழாவதுக்குக் கடையில் இடமில்லை. அண்டாக்களை வெளியே எடுத்து வைத்தோம். எட்டாவது வந்தபோது கூட்டத்தில் ஒருவர், “தேரு வருதுன்னு பாத்தா பொட்டியால்ல வருது!” என்று வழிவிட்டார். ஒன்பதாவது வண்டியின் பின்னால் சேவியரே தள்ளிக்கொண்டு வந்தான். டை தோளில் கிடந்தது. முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

“நீங்க கேட்டபடி ஒம்பதும் கொண்டாந்துட்டேன் ஐயா!”

“யாருலே ஒம்பது கேட்டா?” என்று அண்ணாச்சி கத்தினார். “மொதப் பிடி என்ன பிடிச்சேன்?”

“நாலு.”

“பொறவு?”

“ஒம்பது.”

“அதத்தாம்லே சொல்லுதேன்! நாலு மிஷினு, ஒம்பதாயிரம் வெல!”

சேவியரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. “ஐயா... எங்க ஆட்டுச் சந்தையில மொதப் பிடி, சொன்ன வெலையில எம்புட்டுத் தள்ளணும்கிறது. ரெண்டாம் பிடி, எத்தன உருப்படிங்கிறது. நானூறு ரூவா தள்ளுபடி, ஒம்பது மிஷினுன்னுல்ல நான்...”

ஒன்பதாயிரத்து நானூறில் நானூறு தள்ளினால் ஒன்பதாயிரம். பஞ்சுக் கணக்குக்கும் ஆட்டுக் கணக்குக்கும் விலை ஒன்றாகவே வந்து தொலைத்துவிட்டது. ஒரு ரூபாய் முன்னே பின்னே இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு பேர் விரலும் சரி, இரண்டு மனிதர்களும் சரி. மெஷின்தான் ஐந்து அதிகம்.

“திருப்பி அனுப்பிச்சிருவோம் மாமா” என்றான் செல்வம் என்னிடம்.

சேவியர் அழாத குறைதான். மதுரைக்குத் தெற்கே ஒரே கடை ஒன்பது மெஷின் எடுத்தது இதுதான் முதல் தடவையாம். ஆபீஸில் அவனுக்குக் கை தட்டினார்களாம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லையாம். அதற்குள் நாலைந்து கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அதில் அண்ணாச்சியை அறிந்த பழைய பஞ்சு வியாபாரி ஒருவரும் இருந்தார்.

அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை எடுத்தார். நாலாக மடித்தார். அதை ஒரு குத்துவிளக்கின் பக்கத்தில் வைத்தார்.

“துண்டப் போட்டவன் எவனோ, நட்டம் அவனோடது. அஞ்சு மிஷினையும் எம்பேருல எழுதிக்கிடுங்க. இனிமே நான் துண்டு போடல.”

அஞ்சு மெஷின் என்றால் நாற்பத்தையாயிரம். அவருடைய வாடகை அறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ரேடியோ, கொடியில் இரண்டு வேட்டி. அந்த இரண்டு வேட்டியையும் அவரே துவைத்துக்கொள்வார். அவரிடம் எடுத்து வைக்க இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். அது இப்போது விலைச் சீட்டு ஒட்டிய விளக்குகளுக்கு நடுவே, தானும் விற்பனைக்கு வந்ததுபோல் கிடந்தது.

பஞ்சு வியாபாரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். மனக்கணக்கில் மாடி அறையின் சுவர், சிமெண்டு, கம்பி எல்லாம் ஒரு முறை ஓடின. பிறகு, நான் பேசுவது எனக்கே கேட்டது.

“துண்டை எடுத்துத் தோளில் போடுங்க அண்ணாச்சி. நாலு என்று சொன்னது முதலில். அப்புறம் நான்தானே ஒன்பது என்று மாற்றிச் சொன்னேன்? மறந்துவிட்டீர்களா? தம்பி சரியாகத்தான் கொண்டுவந்திருக்கிறான்.”

செல்வம் வாயைப் பிளந்தான். பஞ்சு வியாபாரி, “அப்படிச் சொல்லுங்க. அண்ணாச்சி வெரலாவது தப்புறதாவது!” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். “வயசாச்சு தம்பி. மறந்துதான் போச்சு” என்று துண்டை எடுத்துக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவந்தாள். ராஜபாளையம் நெருங்கும்போது கேட்டாள்:

“ஒம்பதா கேட்டீக?”

“ஒன்பதுதான்.”

“கணக்குல தப்பே வராத மனுசன்னு ஊரே சொல்லுது” என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு நடந்தது, அண்ணாச்சி சொன்னதேதான். முதல் மெஷின் மில் முதலாளி வீட்டுக்குப் போயிற்று. இரண்டாவது டாக்டரம்மா. மூன்றாவது தென்காசி ரோட்டு மருமகள்கள். அந்த மெஷின் வீட்டுக்குள் நுழைந்த மறுநாள் காலை, எதிர்வீட்டு அம்மாள் புருஷனோடு கடை திறக்குமுன்பே வாசலில் நின்றாள். கிணறு வெட்டுவதற்குள் மெஷின் வாங்கிவிட்டாள். ஒரு மெஷினுக்கு ஆயிரத்து முன்னூறு லாபம்.

ஐந்தாவது போகவில்லை.

நியாயமாக இதற்குமேல் அண்ணாச்சி பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு உதவி செய்தே தீருவது என்று தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து கடையில் உட்கார்ந்துகொண்டார். ஒருநாள், ரிட்டயரான தாசில்தார் ஒருவர் கையில் பணத்தோடே வந்தார். நானும் அன்று கடையில் இருந்தேன். உள்ளே ஓடி நாற்காலி எடுத்துவருவதற்குள் அண்ணாச்சி பேச்சுக்கொடுத்துவிட்டார்.

“வீட்டுல எத்தன உருப்படி சார்?”

“நானும் அவளுந்தான்.”

“ரெண்டு பேருக்கு எம்புட்டு அழுக்கு சேரும்? இத வாங்காதீக. ரெண்டு வருசம் பொறுத்தா பாதி வெலைக்கு வரும். அதுவரைக்கும் உடம்புக்கும் நல்லது, கையாலயே கசக்கிக்கிடுங்க.”

தாசில்தார் நன்றி சொல்லிவிட்டு ஒரு டிபன் கேரியர் மட்டும் வாங்கிப் போனார். செல்வம் தலையில் அடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, அது நம்ம சரக்கு!” என்றேன்.

“சரக்கு நம்மளதுதான் தம்பி. அதுக்காவ அவரு கேக்கையில பொய்யாச் சொல்ல முடியும்? நீங்க ஒருக்க எனக்காவச் சொன்னது போதும்.”

அந்தப் பொய்யைப் பற்றி அவர் வாய்திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான். நான் டிபன் கேரியர்களை எண்ண ஆரம்பித்தேன்.

பதினாலு மாதம் அந்த ஐந்து பெட்டிகளும் கடையில் கிடந்தன. அவற்றின் மேல் செல்வம் இட்லிக் கொப்பரைகளை அடுக்கினான். அதற்குள் வேறொரு கம்பெனி சின்ன மெஷினைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்துவிட்டது. கடைசியில் மதுரை வியாபாரி ஒருவர் ஐந்தையும் ஒட்டுமொத்தமாக, ஒன்று ஐயாயிரத்து ஐநூறுக்கு எடுத்துக்கொண்டார். பேரம் பேச அண்ணாச்சியை நான் கூப்பிடவில்லை. அவரும் வரவில்லை. சேவியருக்கு வேலை நிரந்தரமாகி, கல்யாணப் பத்திரிகையோடு வந்து எல்லாரையும் அழைத்தான்.

மாடி அறை மூன்று வருடம் கழித்துத்தான் எழுந்தது; ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு. ஜன்னல் மட்டும் என் மனைவி சொன்ன பக்கம்.

அந்தப் பெட்டிகள் மதுரைக்குப் போன நாளிலிருந்து, அண்ணாச்சி தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அன்றைக்குப் பஜாரில் என்ன புதிதாக வந்தது, அது தேறுமா தேறாதா என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போவார். நான் எதையும் வாங்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். “நஷ்டப்படுத்துன மனுசருக்குக் காபி வேற” என்று முதல் நாள் முணுமுணுத்த என் மனைவி, ஏழாவது மாதத்தில், மணி ஆறேகால் ஆகியும் அவரைக் காணோமே என்று வாசலுக்கு வந்து பார்த்தாள். 1997இல் அவர் போய்ச் சேரும்வரை இது நடந்தது.

நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். ஐந்து மெஷினில் நஷ்டம் பதினேழாயிரத்து ஐநூறு. மதுரைக்கு வண்டி வாடகை நானூற்று முப்பது. முடங்கிய நாற்பத்தையாயிரத்துக்குப் பதினாலு மாத வட்டி, நூற்றுக்குப் பத்து வீதம், ஐயாயிரத்து இருநூற்றைம்பது. இதில் முதல் நாலு மெஷினின் லாபம் ஐயாயிரத்து இருநூறு கழிவு. லாபத்தில் பாதியையும் நஷ்டத்தில் பாதியையும் செல்வம் என்னிடமே விட்டுவிட்டான். ஆக, துண்டு அண்ணாச்சியோடு பழகியதில் எனக்கு ஆன மொத்தச் செலவு, அவர் வந்து குடித்த காபியைச் சேர்க்காமல், பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.